அப்பாவை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு

தூத்துக்குடியில் துடிக்கிற நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சோடுதான் படியேறுவார்கள்: "யாரோ விஷம் வச்சிட்டாவ, சார்." பக்கத்து வீட்டில் கோழி வளர்ப்பவர், தெருமுனையில் காலி மனை வைத்திருப்பவர் என்று சந்தேகப் பட்டியலும் கூடவே வரும். சில சமயம் அது உண்மைதான். பூச்சிமருந்து தடவிய கறித்துண்டு இந்த ஊரிலும் உண்டு. ஆனால் இங்கே கால்நடை மருத்துவம் பார்த்த காலத்தில் என் மேசைக்கு வந்த நஞ்சுக் கேஸ்களில் பெரும்பகுதி அந்தந்த வீட்டுக்குள்ளேயே நடந்தவை. மாத்திரை அட்டை, எலி மருந்து, கொசுவிரட்டித் திரவம், சாக்லேட். இப்போது வேப் என்கிற மின்சிகரெட்.

வாயில் நுரை, உடல் நடுக்கம், கால் தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்து வந்தால் இந்தக் கடற்கரையில் மருத்துவம் பார்க்கிறவர் மனத்தில் முதலில் ஓடுவது பூச்சிமருந்து. தள்ளாட்டம் மட்டும் மிகுந்திருந்தால் கட்டுவிரியன். மூன்றாவதாக, உள்நாட்டு மருத்துவர்கள் அதிகம் பார்க்காத ஒன்று இங்கே இருக்கிறது: பேத்தை மீன். மீன்பிடித் துறைமுகத்திலும் திரேஸ்புரத்திலும் வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது பேத்தை வந்தால் ஒதுக்கி எறிந்துவிடுவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் டெட்ரோடோடாக்சின் மனிதனையே கொல்லும். அதைத் தின்ற நாய் வாந்தி எடுக்கும், பின்னங்கால் துவளும், கடைசியில் மூச்சிழுக்கும் தசை நின்றுவிடும். வேப் திரவத்தில் இருக்கும் நிகோடின் அளவுக்கு மீறிப் போனாலும் முடிவு அதேதான். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இவை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. பூச்சிமருந்தென்றால் அட்ரோபினோடு பிராலிடாக்சிமும் போடுவோம். நிகோடினுக்கு அட்ரோபின் எச்சிலையும் வயிற்றுப்போக்கையும் அடக்கும். தசை துவள்வதை அது தடுக்காது, பிராலிடாக்சிமுக்கு அங்கே வேலையே இல்லை. நிகோடினுக்கென்று தனி முறிமருந்து கிடையாது. ஆகவே "என்ன தின்றது?" என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பது நான் போடும் எந்த ஊசியையும்விடப் பெரிது.

நிகோடின் எங்கள் பகுதிக்குப் புதிய நஞ்சு இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் சாத்தான்குளம் பக்கம் ஒரு மூத்த மருத்துவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி நான்கைந்து ஆட்டுக்குட்டிகளைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். எல்லாம் நடுங்கின, வாயில் கோழை வடிந்தது. மூத்தவர் ஊசியைத் தொடவில்லை. குட்டியின் முதுகை மோந்து பார்த்துவிட்டு, "உண்ணிக்குப் புகையிலைத் தண்ணி ஊத்துனியளா, தாயி?" என்றார். ஆமாம், புகையிலையை ஊறப்போட்டுக் காய்ச்சிய கஷாயத்தை அன்று கொஞ்சம் தாராளமாகவே ஊற்றியிருக்கிறார். "முதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க. தோல்ல இருக்கிறத எடுக்காம ஊசி போட்டு என்ன செய்ய?" என்று எங்களையெல்லாம் வாளி தூக்க வைத்தார். நிகோடின் தோல் வழியாகவே உள்ளே போகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். என் கைக்கு வந்தது அன்றுதான். உலகம் முழுக்க நிகோடின் சல்பேட் ஒரு காலத்தில் பூச்சிகொல்லியாக விற்கப்பட்ட சரக்கு. நம் விவசாயிகள் அதையே கஷாயமாகக் காய்ச்சிப் பயிருக்கும் ஆட்டுக்கும் தெளித்தார்கள்.

புகையிலையிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கசக்கும். நாய் அதை விரும்பித் தின்னாது. தின்றாலும் இலையிலிருந்து நிகோடின் மெல்லத்தான் பிரியும். அது மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தைத் தொட்டதும் நாயே முக்கால்வாசியைக் கக்கிவிடும். பீடித் துண்டு தின்ற குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு ராத்திரி அவதியோடு பிழைத்துக்கொண்டன. வேப் திரவத்தில் இந்தத் தடைகள் ஒன்றுமில்லை. மாம்பழம், ஸ்ட்ராபெரி, வெனிலா என்று வாசனை போட்டு, இனிப்பாக, திரவமாகவே இருக்கிறது. மெல்ல வேண்டாம், செரிக்க வேண்டாம். வாயின் உட்தோலே உறிஞ்சிக்கொள்ளும்.

கணக்கைப் பார்க்கலாம். பெட்டியில் 5 சதவீதம் என்று இருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நிகோடின். நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் போனாலே அறிகுறி தொடங்கிவிடும். கிலோவுக்கு 9, 10 மில்லிகிராம் என்பது உயிரை எடுக்கும் அளவு. 10 கிலோ நாய் ஒன்றுக்கு நான்கு சொட்டு போதும், நடுங்கத் தொடங்க. 2 மில்லி உள்ளே போனால் உயிர் ஊசலாடும். இன்று வெளிநாட்டிலிருந்து வரும் பல தூக்கியெறியும் வேப்களில் 10 மில்லிக்கு மேலேயே திரவம் இருக்கிறது. 3 கிலோ பூனைக்கு ஒரு சொட்டே அறிகுறியைக் காட்டப் போதுமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம், ஒரு டேங்க்குக்கு 2 மில்லி என்று உச்சவரம்பு வைத்து, குழந்தைகள் திறக்க முடியாத மூடியும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். கள்ளச் சரக்குக்கு எந்த வரம்பும் இல்லை. பெட்டியில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கும் யாரும் பொறுப்பில்லை.

முதன்முதலில் இதைச் சந்தித்தது ஒரு ஸ்பிட்ஸ் நாயிடம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தூக்கி வந்தார். கூடவே கப்பலில் வேலைக்குச் சேர்ந்து விடுமுறைக்கு வந்திருந்த மகன். நாய்க்கு நாடி ஓடுகிற ஓட்டத்தை எண்ண முடியவில்லை. எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. "யாரோ விஷம் வச்சிட்டாவ" என்று அப்பா தொடங்கினார். வாயைத் திறந்து பார்த்தேன். நல்ல மாம்பழ வாசனை. அது மாம்பழக் காலமும் இல்லை. மகனைப் பார்த்தேன்; அவன் சுவரில் தொங்கிய தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, டிரிப் செட்டு ஒண்ணு வேணும், முக்குக் கடையில வாங்கிட்டு வந்திருங்க" என்று அப்பாவை அனுப்பினேன். என் அலமாரியில் டிரிப் செட் பெட்டி நிறைய இருந்தது. அவர் வாசல் தாண்டியதும், "தம்பி, வேப்பா?" என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாது, சார்."

"நான் சொல்ல மாட்டேன். எத்தனை சதவீதம், எவ்வளவு மிச்சம் இருந்துச்சு, எப்போ கடிச்சுது? இந்த மூணையும் சொல்லு."

பேன்ட் பையிலிருந்து இரண்டாகப் பிளந்த ஊதா நிறக் குழாயை எடுத்து வைத்தான். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, அதை எங்கே ஒளித்து வைப்பது, என்ன பொய் சொல்வது என்று யோசித்ததிலேயே போயிருந்தது. இனி எனக்குக் குழப்பமில்லை. வாயை ஈரத்துணியால் துடைத்து, முன்மார்பு முடியைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். நரம்பில் சலைன் ஏற்றி, வலிப்பு வந்ததும் டயாசிபாம் கொடுத்து, மூச்சு நின்றால் கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் ஆம்பு பையைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டேன். நிகோடின் நரம்பையும் தசையையும் முதலில் விரட்டும், பிறகு கட்டிப்போடும். துடிக்கிற நாய் திடீரென்று அமைதியானால் வீட்டார் "சரியாயிட்டு" என்று மூச்சு விடுவார்கள். நான் பயப்படத் தொடங்குவது அப்போதுதான். முதல் நான்கு மணி நேரம் தாண்டிவிட்டால் நம்பிக்கை வைக்கலாம். உடம்பு ஒரு நாளுக்குள் பெரும்பகுதியைச் சிறுநீரில் தள்ளிவிடும். அந்த ஸ்பிட்ஸ் தாண்டியது.

அப்பா பையோடு திரும்பி வந்து, "என்ன சார் தின்னுருக்கு?" என்றார். "தின்னக் கூடாத ஒண்ணு, அண்ணாச்சி. என்னன்னு எனக்குத் தெரிஞ்சுட்டு, அது போதும்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. அன்றிலிருந்து அப்பாக்களை மருந்துக் கடைக்கு அனுப்புவது என் சிகிச்சை முறையில் ஒரு படி. அம்மா வந்திருந்தால் வெளியே போய் நாயின் போர்வையை எடுத்துவரச் சொல்வேன்.

ஏன் மறைக்கிறார்கள் என்பது புரியாமல் இல்லை. தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரிலேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சேமித்து வைத்திருப்பதற்கு ஆறு மாதமோ ஐம்பதாயிரமோ. தடை சரியானது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும் 2022 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வுத் துறை ஒரே பிடியில் இரண்டு லட்சம் வேப்களைக் கைப்பற்றியது. துறைமுகம் உள்ள ஊரில் வாழ்கிறவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. எங்கள் ஊரில் வீட்டுக்கொரு பிள்ளை கப்பலிலோ வளைகுடாவிலோ இருக்கிறான். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகும் தோணிகளை நாம் அறிவோம். அந்த மாலத்தீவே 2024 டிசம்பரில் வேப்பை முழுக்கத் தடை செய்துவிட்டது. எந்த வழியாக வந்தது என்று துப்பறிவது என் வேலை இல்லை. என் கேஸ் தாளில் நாய் என்ன தின்றது என்று எழுதுவேன். யாருடையது என்று எழுதுவதற்கு அதில் இடமே கிடையாது. இதைச் சொன்ன பிறகுதான் பல பிள்ளைகளுக்கு வாய் திறக்கிறது.

ஒளித்து வைக்கும் இடங்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று விளங்கியது. ஷூவுக்குள், அழுக்குத்துணிக் கூடையில், தலையணை உறைக்குள், பழைய பள்ளிக்கூடப் பையில், கட்டிலுக்கடியில் சுருட்டிய சாக்ஸில். எல்லாம் அப்பா அம்மா குனிந்து பார்க்காத இடங்கள். அந்த இடங்கள்தான் நாயின் மூக்குக்கு நேரே இருக்கின்றன. அதுமட்டுமில்லை, ஷூவிலும் சாக்ஸிலும் தலையணையிலும் அந்தப் பையனின் வாடை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பல மாதம் கழித்து வந்தவன் வாடைக்காக நாய் அவற்றைத் தேடிப் போய்க் கடிக்கும். வீட்டில் மற்றவர் கண்ணுக்கு மிகவும் பாதுகாப்பான இடம் நாய்க்கு மிகவும் பிரியமான இடமாக அமைந்துவிடுகிறது. பொருளே வீட்டில் இல்லாமலிருப்பதுதான் நல்லது. விட முடியாமல் தவிக்கிறவர் என்றால், பூட்டிய இரும்பு பீரோவின் மேல்தட்டு ஒன்றுதான் நான் ஒப்புக்கொள்ளும் இடம். நிரப்பும் பாட்டில் வைத்திருப்பவர்கள், தரையில் உட்கார்ந்து நிரப்பாமல் இருக்க வேண்டும். சிந்தியதைத் துடைத்த துணியையும் நாய் எட்டும் கூடையில் போடக் கூடாது.

வீட்டு வைத்தியம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இது உப்பு ஊர். நாய் எதையாவது தின்றுவிட்டால் கை தானாக உப்புப் பானைக்குப் போகிறது. வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று கெட்டியான உப்புக் கரைசலைப் புகட்டி, ரத்தத்தில் சோடியம் ஏறி, அதனாலேயே வலிப்பு வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். நடுங்கிக்கொண்டிருக்கும் பிராணியின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். உப்பு வேண்டாம், விரலை விட்டு ஓங்கரிக்க வைப்பதும் வேண்டாம்.

அடுத்தது சுண்ணாம்புத் தெளிநீரும் ஆப்பசோடாவும் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்தும். "வயித்த ஆத்தும்லா சார்" என்பார்கள். வெற்றிலை போடுகிற பாட்டிகளிடம் கேட்டால் இதற்கான விடை கிடைக்கும். வெறும் புகையிலையை மெல்வதைவிடச் சுண்ணாம்பு சேர்த்து மென்றால் கிறுகிறுப்பு சட்டென்று ஏறும். சுண்ணாம்பின் காரத்தன்மை நிகோடினை உடம்பு எளிதில் உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. வயிற்றில் இருக்கும் அமிலம் அதற்கு நேர்மாறு. நிகோடினை ரத்தத்துக்குள் விடாமல் ஓரளவு பிடித்து வைக்கிறது. அமிலத்தை முறிக்கும் எதைக் கொடுத்தாலும் அந்தப் பிடியை நாமே அவிழ்த்துவிடுகிறோம். ஒரு திரேஸ்புரத்து ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "அப்பொ வெத்தலப் பெட்டியையும் மேல தூக்கி வைக்கணும்லா" என்றார். எனக்கு அன்று கிடைத்த மிகச் சரியான பதில் அது. புகையிலைத் துண்டோ சுண்ணாம்பு டப்பாவோ, எல்லாம் ஒரே உயரத்துக்குப் போக வேண்டியவைதான்.

பூனைகள் கடித்துத் தின்பது குறைவு. அவற்றுக்கு ஆபத்து முடி வழியாக. மேசையில் சிந்திய திரவத்தின் மேல் நடந்து போகும், பிறகு மூலையில் உட்கார்ந்து பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும். துண்டில் இறுகச் சுற்றிப் பிடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பால் அந்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். கழுவுகிறவர் கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும்; அது நம் தோலுக்குள்ளும் போகும். வேப் திரவத்தின் அடிப்பொருளான புரோபிலீன் கிளைகால் பூனையின் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்று தெரிந்து, 1996இல் அமெரிக்கா அதைப் பூனை உணவில் சேர்க்கத் தடை போட்டது. நாய்க்குச் சில திரவங்களில் வேறொரு தொல்லை: இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருந்தால், ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும். லவ் பேர்ட்ஸ் கூண்டு இருக்கும் அறையில் புகை விடுவதே கூடாது. பறவையின் மூச்சு அமைப்பு அவ்வளவு நொய்மையானது.

பேட்டரியை யாரும் நினைப்பதில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சிப்பிப்பாறை நாயைக் கொண்டுவந்தார்கள். மெலிந்த, அழகான வேட்டை நாய். வேப்பைக் கடித்ததில் திரவம் அநேகமாகத் தீர்ந்திருந்தது, நடுக்கம் லேசுதான். ஆனால் உள்ளே இருந்த லித்தியம் பேட்டரியைப் பல் துளைத்துவிட்டது. அப்படித் துளைத்தால் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும். நாக்கும் அண்ணமும் அன்று சிவந்துதான் இருந்தன. மறுநாள் வெந்து உரிந்துவிட்டன. இந்தப் புண் சில மணி நேரம் கழித்தே முழுதாக வெளியே தெரியும். பேட்டரி உடைந்திருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போகும்போது வெந்த தொண்டை வரும்போது இன்னொரு முறை வேகும். துண்டுகளில் எதுவும் வயிற்றுக்குள் போனதா என்று பார்க்க எக்ஸ்ரேவுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். வயிற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் கூழ்தான் குடித்தது.

அதனால் கடித்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொண்டுவரச் சொல்கிறேன். சேர்த்துப் பார்த்தால் எது குறைகிறது என்று தெரியும். பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. தீர்ந்துபோன வேப்பிலும் திரவம் ஒட்டியிருக்கும், பேட்டரி உயிரோடிருக்கும்; அதை மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் வீசினால் வீட்டு நாயிடமிருந்து தெரு நாய்க்கும் மாட்டுக்கும் ஆபத்தை மாற்றிவிட்ட கணக்கு. ரோச் பூங்கா பக்கக் கடற்கரையில் மணலில் செருகிவிட்டுப் போகிறார்கள். அங்கே நடக்கப் போகும்போது ஒரு பையோடு போகிறேன்.

போன மழைக்காலத்தில் மில்லர்புரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி இரவில் போன் செய்தார். "சார், பீகிள், பன்னெண்டு கிலோ. அண்ணனோட வேப்பைக் கடிச்சிட்டு. அஞ்சு சதவீதம்னு போட்டிருக்கு, பாதி காலி. பத்து நிமிஷம் ஆகுது. ஒரு தடவ வாந்தி எடுத்துட்டு. பேட்டரி உடையல. வாயத் துடைச்சிட்டேன், வேற ஒண்ணும் கொடுக்கல. ஆட்டோ வந்துட்டு." அண்ணன் பக்கத்திலேயே நின்று பெட்டியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது போனில் கேட்டது. அவர்கள் வந்து இறங்கும்போது சலைன் தொங்கிக்கொண்டிருந்தது. எடைக்குத் தகுந்த டயாசிபாமை ஊசியில் ஏற்றி வைத்திருந்தேன். வலிப்பு வந்தது, ஒரே முறை. விடியும்போது பீகிள் எழுந்து தண்ணீர் குடித்தது. அண்ணன்தான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.